தாவிப்போன வரி

பூமி பிளந்து வழி விட்டிருந்தால் பாம்புச்செவி அம்மாள் அந்த நிமிடமே உள்ளே இறங்கியிருப்பார். அவருடைய உதவியாளன் விசிலும் பின்னாலேயே இறங்கி, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று குரல் கொடுத்திருப்பான். பூமிக்கு அன்றைக்கு அந்த இரக்கம் இல்லை. பழைய இசைத்தட்டுக் கடையின் நட்டநடுவில் அவரை அப்படியே நிற்கவைத்து வேடிக்கை பார்த்தது.

இத்தனைக்கும் சற்று முன்னால் அதே இடத்தில் அவர் நின்ற தோரணையே வேறு. துப்பறியும் தொழிலில் சிலருக்குக் கண் கூர்மை, சிலருக்கு மூக்கு. இந்த அம்மாளுக்குக் காது. பக்கத்துத் தெருவில் கொசு தும்மினால் ஆண் கொசுவா பெண் கொசுவா என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் விசில். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு இவரிடம் வந்தவன். வேலையை விட்டானே தவிர வாயை விடவில்லை.

கையில் இருந்த வழக்கு ஓர் இசைத்தட்டு. 'வழிநெடுகப் பாட்டு' என்று பெயர். மிகப் பழையது. வாத்தியமே கிடையாது, நாலு பேர் வாயாலேயே பாடியது. வண்டிக்காரன் பாட்டு, ஓடக்காரன் பாட்டு, மலை ஏறுகிறவன் பாட்டு, ரயிலைத் தவறவிட்டவன் பாட்டு என்று தட்டு முழுக்கப் பயணம்தான். ரயில் சத்தம்கூட யாரோ ஒருத்தர் வாயால் போட்டது. இதை ஒரு பல் டாக்டரம்மா தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நாள் முழுக்கச் சுழலவிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பல்லைக் குடைகிற மெஷின் அலறும்போது, வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் மனத்தளவிலாவது ஊரைவிட்டு ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். அந்தத் தட்டைத்தான் யாரோ தூக்கிவிட்டார்கள். உறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. உள்ளே வேறொரு தட்டு இருந்தது.

தட்டில் ஒரு கோளாறு உண்டு. ஓடக்காரன் பாட்டில் "துடுப்புப் போடு, தூரம் குறையுது" என்ற வரி முடிந்ததும் ஊசி ஒரு விக்கல் விக்கும். அடுத்த வரியை அப்படியே தாண்டி, "வலையச் சுருட்டு, வானம் கறுக்குது" என்பதில் போய் விழும். நடுவில் இருக்கிற வரி என்னவென்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. வாங்கிவந்த நாளிலிருந்து அது தாவிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

பாம்புச்செவிக்கு இது போதாதா? இந்தப் பாட்டை எவன் விக்கலோடு பாடுகிறானோ அவன் வீட்டில்தான் அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். யாராவது தட்டை விற்க வந்தார்களா என்று விசாரிக்கத்தான் இந்தக் கடைக்குள் நுழைந்தார். உள்ளே கல்லாவில் இருந்தவர் துணியால் தட்டுகளைத் துடைத்தபடி முனகிக்கொண்டிருந்தார். என்ன முனகினார்? ஓடக்காரன் பாட்டு. தூரம் குறைந்தது, ஒரு விக்கல், வலை சுருண்டது.

அம்மாள் பாய்ந்தார். கடையில் தட்டு பொறுக்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தெருவில் போகிறவர்கள் செருப்பு தேய நிற்கிற மாதிரி, முழங்கினார். இவர்தான் திருடன் என்றார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று, நிறுத்தி நிதானமாக, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். எங்கே கைதட்டல் என்பதுபோல் ஒரு சுற்று பார்க்கவும் செய்தார்.

கல்லாக்காரர் முனகலை நிறுத்தினார். வாயைப் பெரிதாகத் திறந்து, விரலால் கடைவாயைக் காட்டினார். அங்கே அடைத்த பல் பளபளத்தது.

"அந்த டாக்டரம்மாகிட்டதாங்க அடைச்சேன்" என்றார். "அங்க உக்காந்து உக்காந்து பாட்டு இப்படித்தான் மனசுல ஏறிச்சு. அங்க போன எல்லாருக்கும் இப்படித்தான் வரும்."

வரும் என்று சொல்லி வாய் மூடவில்லை, மூலையில் நின்ற ஒரு பெண்மணி தயக்கத்தோடு முனகிக் காட்டினார். அதே விக்கல். கண்ணாடி போட்ட ஒருவர் முனகினார். அதே தாவல். பிறகு கடை முழுக்க ஆளாளுக்கு முனகினார்கள். ஊரில் பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருக்கிறது என்பதும், மீதிப் பேர் துணைக்குப் போனவர்கள் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. வாசலில் நின்று எட்டிப்பார்த்தவர்கள்கூட விக்கினார்கள்.

பூமி பிளக்காதா என்று அம்மாள் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான்.

சிரிப்போடு முடிந்திருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. கடையின் சொந்தக்காரர் உள்ளறையிலிருந்து வந்தார். கல்லாக்காரருடைய மனைவியின் அண்ணன். தங்கைக்காகத்தான் இவரை வேலைக்கு வைத்திருப்பதாக நாள்தோறும் ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. எப்போது ஒரு காரணம் கிடைக்கும் என்று காத்திருந்தவர் மாதிரி கையை நீட்டினார்.

"மாப்ள, சாவியக் குடு."

"மச்சான், நான் எடுக்கல."

"எடுக்கலன்னே இருக்கட்டும். திருட்டுப் பேர் வந்த ஆளைக் கல்லாவுல உக்கார வெச்சா கடைக்கு எவன் வருவான்? சாயங்காலம் ஷட்டர் இறக்குறதுக்குள்ள எடுத்தது யாருன்னு ஆளோட தெரியணும். தட்டு மட்டும் திரும்பி வந்தா ஒத்துக்க மாட்டேன். பயந்துபோய் நீயே வெச்சுட்டேன்னுதான் சொல்வாங்க. ஆள் தெரியலன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

கல்லாக்காரர் சாவியைக் கொடுத்தார். துடைத்துக்கொண்டிருந்த துணியை நாலாக மடித்துக் கல்லாமேல் வைத்தார். அம்மாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த மடித்த துணிதான் அவரை அறைந்தது.

மன்னிப்பு என்ற சொல் அம்மாளின் தொண்டைவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. எடுத்தவனைப் பிடித்துக்கொண்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி, தலையைக் குனிந்து வெளியே வந்தார்.

தெருமுனை வரை விசில் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஓர் உலக சாதனை.

"என்னடா, ஏதாவது சொல்லேன்."

"என்ன மேடம் சொல்றது. வழக்கமா நாம ஆளைக் கண்டுபிடிப்போம். இன்னைக்கு ஊரோட பல்லையே கண்டுபிடிச்சிட்டோம்."

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லவேண்டியதாயிற்று. அவர் முகமூடி போட்டிருந்தார். உள்ளே சிரித்தாரா என்று தெரியாது. முகமூடி மட்டும் லேசாகக் குலுங்கியது. காத்திருப்பு அறைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் போகலாம், அலமாரிக்குப் பூட்டும் இல்லை என்றார்.

அம்மாள் உறையைக் கேட்டு வாங்கினார். அட்டையில் ஒரு பழைய பஸ்ஸில் சாய்ந்தபடி நாலு இளைஞர்கள். நாலு பேர் தலையிலும் முடி காடாக வளர்ந்துகிடந்தது. ஓரத்தில் நின்ற ஒல்லிப்பயல் தலையில் புலி, கரடி ஒளிந்துகொள்ளலாம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம் என்று பையைத் துழாவினார். கண்ணாடி இல்லை. அதுவும் கொஞ்ச நாளாகவே இல்லை. நேரம் சரியில்லாவிட்டால் கண்ணாடிகூடக் கைவிட்டுவிடும் என்று அலுத்துக்கொண்டார்.

அடுத்து, மாற்றி வைக்கப்பட்டிருந்த தட்டை எடுத்தார். அது கோழி வளர்ப்பு பற்றிய ஒரு சொற்பொழிவு. திருட்டு தெரிந்ததே அதனால்தான். நாலு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் டாக்டரம்மா வழக்கம்போல ஊசியை வைத்திருக்கிறார். ஒரு கனத்த குரல் முட்டையிடாத கோழிகளை மந்தையிலிருந்து பிரிப்பது எப்படி என்று ஆரம்பித்திருக்கிறது. காத்திருந்த ஒரு மாமி பயந்துபோய், பல் பிடுங்காமலே வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அன்றைக்கே இதை ஒரு பொருட்டாக மதிக்காமல் விட்டுவிட்டோமே என்று இப்போது உறைத்தது. பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிவிடுவார்கள். கோழித் தட்டு ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்? இது எடுத்தவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பாம்புச்செவி மூக்கருகே கொண்டுபோனார். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசி பட்ட தேய்மானமே இல்லை, கண்ணாடி மாதிரி பளபளத்தது. நடு ஓட்டையின் விளிம்பில் நீலமாக ஒரு பஞ்சுத் துணுக்கு.

அம்மாளுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. முதுகு நிமிர்ந்தது, குரல் ஏறியது. துப்பறிகிறவர்கள் வெட்கப்படுவதெல்லாம் அடுத்த துப்பு கிடைக்கும்வரைதான்.

"எழுதிக்கோ விசில். இந்தத் தட்டு பரணிலயோ டிரங்குப் பெட்டியிலயோ கம்பளியோட கம்பளியா கிடந்திருக்கு. யாரோ பரிசாக் குடுத்தது, பிரிச்சுக்கூடப் பார்க்கல. அந்த வீட்டுல பாட்டுங்கிற பேச்சே கிடையாது. ஏன் கிடையாது? பாட்டுன்னா ஆகாத ஒருத்தர் அங்க இருக்காங்க. வீடே அவங்க அதிகாரத்துல நடக்குது. எடுத்தவர் அவங்களுக்குப் பயந்து பயந்து, ஒளிச்சு ஒளிச்சுக் காலத்தை ஓட்டுற அப்பாவி."

டாக்டரம்மா, திருடன் பாவமாயிற்றே என்றார்.

"பாவம்தான்" என்று அம்மாள் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். "ஒரு மனுஷனைப் பாடக்கூட விடாம வெச்சிருக்காங்கன்னா அது எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சா இருக்கணும்."

விசில் எழுதவில்லை. அவனிடம் பேனாவும் கிடையாது. அம்மாளின் முகத்தை ஒருமுறை பார்த்தான், நீலப் பஞ்சை ஒருமுறை பார்த்தான், பிறகு மேலே சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான். அவனும் அம்மாள் வீட்டுக்குப் போய்வருகிறவன்தான்.

பஞ்சு கம்பளியுடையதா மெத்தையுடையதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். வீடு பக்கத்தில்தான். எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று உறையையும் கோழித் தட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாள் கிளம்பினார். வழியெல்லாம் அந்தக் கல்நெஞ்சுக்காரியைப் பற்றித்தான் பேச்சு. விசில் வழக்கத்துக்கு மாறாக ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினான். போய்ச்சேராமலே இருந்துவிடலாம் என்று நினைத்தவன் மாதிரி இருந்தது.

வீட்டுக் கூடத்துக்குள் கால் வைத்ததும் அம்மாள் நின்றார்.

பாச்சை உருண்டை வாசம்.

பரணில் கிடக்கவேண்டிய டிரங்குப் பெட்டி தரையில் திறந்துகிடந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளி. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த கம்பளி, நீலக் கம்பளி. அதோடு சேர்த்து, கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு மாமா ஏதோ தட்டையான பொட்டலம் கொடுத்ததும், பிரிக்காமலே உள்ளே போட்டதும், மூளையின் ஏதோ பொந்திலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அம்மாளின் மூளை ஊர் முழுக்க ஓடும் எக்ஸ்பிரஸ். சொந்த வீட்டு வாசலில் அது பாசஞ்சராகிவிட்டது. கம்பளியைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். விசிலைப் பார்த்தார். விசில் சுவரைப் பார்த்தான்.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாட்டு ஓடியது.

"துடுப்புப் போடு, தூரம் குறையுது" என்று நாலு குரல்கள் சேர்ந்து பாடின. அம்மாளின் காது, பழக்க தோஷத்தில், விக்கலுக்குக் காத்திருந்தது. விக்கல் வரவில்லை. ஒரே ஒரு குரல், மெலிந்த குரல், தனியாக எழுந்தது.

"கரையில நின்ன கண்ணு ரெண்டும் கூட வருகுது."

பிறகுதான் வலை சுருண்டது.

அம்மாள் கதவைத் தள்ளினார். உள்ளே அவருடைய வீட்டுக்காரர், வரைபட ஆபீசில் கோடு போட்டே ஓய்வுபெற்ற மனுஷர், மேசைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். இரவல் வாங்கிவந்த ஒரு பிளேயர். பக்கத்தில் பல்குத்தும் குச்சிகள் சிதறிக்கிடந்தன. கையில் பூதக்கண்ணாடி. திரும்பிப் பார்த்தவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை. பரீட்சையில் தேறின பிள்ளையின் சிரிப்பு.

"விக்கல் போயிடுச்சு" என்றார். "கீறல் இல்ல அது. பல்லு அடைக்கிற சிமெண்டு. ஒரு பொட்டு, கோட்டுக்குள்ள விழுந்து கல்லாயிருந்துச்சு. கோடு சேதமாகாம சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. இப்ப கேட்டியா, தாவல."

இப்போதும் விசிலால் சும்மா இருக்க முடியவில்லை. பல்லை அடைக்கச் சொன்னால் பாட்டை அடைத்துவிட்டார்களே என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"என்னங்க, நீங்களா எடுத்தீங்க?"

வீட்டுக்காரர் மனைவியின் கக்கத்திலிருந்த உறையை வாங்கினார். அட்டையின் ஓரத்தில் நின்ற ஒல்லிப்பயல்மேல் விரலை வைத்தார். பிறகு அதே விரலால் தன்னுடைய வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

புலி, கரடியோடு காடும் போய்விட்டது. ஆனால் அந்தக் காது மடல்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்தச் சிரிப்பு இரண்டும் அப்படியே இருந்தன. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகம். அதைப் பார்க்கத்தான் பூதக்கண்ணாடி தேடியிருந்தார்.

"தட்டு முழுக்க நாலு பேரும் சேர்ந்துதான் பாடினோம்" என்றார் அவர். "எனக்குன்னு தனியாக் குடுத்தது அந்த ஒரு வரிதான். பல்வலின்னு போனப்பதான் அங்க அது ஓடுறது தெரிஞ்சுது. என் வரி வரப்போகுதுன்னு நிமிர்ந்து உக்காந்தேன். தாவிடுச்சு. அடுத்த தடவை வரும்னு பார்த்தேன். அதுவும் தாவிடுச்சு. பல்லு சரியானதுக்கு அப்புறமும் போயிட்டேதான் இருந்தேன். சரிபண்ணிட்டு, ரெண்டு நாள்ல கொண்டுபோய் வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். பார்த்தா, கேஸை நீ எடுத்துட்ட. எப்பப் போனாலும் அந்த அலமாரிப் பக்கத்துல நீ நிக்கிற."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல. நீ ஏதோ கேஸ் பேப்பர் படிச்சிட்டிருந்த. 'ம்'னு சொன்ன. அப்புறம் ஒருநாள் பாடிக் காட்டினேன். தலை வலிக்குதுன்ன."

குறைசொல்கிற தொனியே இல்லை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அம்மாளுக்கு அந்த 'ம்' ஞாபகம் இல்லை. அந்தத் தலைவலியும் ஞாபகம் இல்லை. இத்தனை நாள் ஒரே பல்லுக்கு ஒரு மனிதர் போய்க்கொண்டே இருந்தாரே, எந்தப் பல் என்று கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. பக்கத்துத் தெருக் கொசுவின் தும்மலைக் கேட்கிற காது அது. பக்கத்து நாற்காலியில் ஒரு மனிதர் பாடுவதை நிறுத்திக்கொண்டது அதில் விழவேயில்லை. காலையில் கடையில் பட்ட அவமானம் தோலோடு போன சிராய்ப்பு. இது எலும்புவரை இறங்கியது. டாக்டரம்மா முன்னால் தன் வாயாலேயே சொன்னதெல்லாம் வரிசையாக வந்து எதிரில் நின்றது. கல்நெஞ்சு என்ற வார்த்தையும் வந்து நின்றது. நல்லவேளை, விசில் அதை எடுத்துக்கொடுக்கவில்லை.

கல்லாக்காரர் விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அம்மாள் திணற, விசில்தான் சுருக்கமாகச் சொன்னான். வீட்டுக்காரரின் சிரிப்பு அணைந்துபோனது.

"என்னாலயா அந்த மனுஷனுக்கு?"

"இல்லீங்க" என்றார் அம்மாள். "என்னால."

வீட்டுக்காரர் போய்ச் சட்டையை மாட்டினார். மாட்டுகிற நேரத்தில் விசில் அம்மாளின் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு நாக்குதான் விஷம், மனசு அப்படியில்லை. எஜமானியின் முகம் இந்தப் பாடு படுவதை அவன் பார்த்ததில்லை.

"மேடம், எடுத்தது யாருன்னுதானே அந்த மச்சான் கேட்டார். யார் வீட்டுக்காரர்னு கேக்கலையே. சார் போய் ஒத்துக்கட்டும். நீங்க பிடிச்சுக் குடுத்த மாதிரி பக்கத்துல நில்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது."

அதில் பொய்கூட இல்லை. அதுதான் அந்த யோசனையின் அழகு. அம்மாள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்தச் சில நொடி மௌனத்துக்காகவும் பிறகு தனியாக வெட்கப்பட்டார்.

போகிற வழியில் கிளினிக்கில் ஏறி இறங்கினார்கள். காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன சிமெண்டுப் பொட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டார். தட்டு வாங்கிவந்த அன்றைக்கே, சிமெண்டு குழைத்த கையோடு ஆசை ஆசையாக அதை எடுத்துப் போட்டது தானேதான் என்றார். வருஷக்கணக்கில் ஒருத்தருடைய பாட்டை அடைத்துவைத்திருந்தேனா என்று அவர் கன்னம் சிவந்துவிட்டது. தட்டைச் சாட்சிக்குக் கொண்டுபோங்கள், காலையில் கொடுத்தால் போதும் என்று அவரே அனுப்பிவைத்தார். அன்றைக்கு ஊரில் வெட்கம் ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியது.

கடையில் ஷட்டரை இறக்கும் கம்பியை மச்சான் கையில் எடுத்துவிட்டிருந்தார். காலையில் பார்த்த முகங்கள் சில இன்னும் உள்ளே இருந்தன. கதையின் முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள். கல்லாக்காரர் கல்லாவுக்கு வெளியே, தன்னுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். தட்டைக் கல்லாமேல் வைத்து, நான்தான் எடுத்தேன், இவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றார். ஏன் எடுத்தார் என்று நாலு வாக்கியத்தில் சொன்னார். மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் யார், எந்த இடம், வழியில் போகிறவர் வந்து சொன்னால் நான் நம்பவேண்டுமா, என் மாப்பிள்ளைதான் ஆள் பிடித்துக் கூட்டிவந்தானோ என்று அடுக்கினார்.

விசில் தன்னுடைய செருப்பைப் பார்த்தான். அம்மாள் பக்கத்திலேயே நின்றார், பிடித்துக்கொடுத்தவர் மாதிரி. இன்னும் கொஞ்சம் அப்படியே நின்றிருந்தால் அப்படியே முடிந்திருக்கும்.

"என் வீட்டுக்காரர்" என்றார்.

குரல் அவருக்கே கேட்கவில்லை. எதிரில் இருந்தவர்களுக்குக் கேட்டதா என்பது சந்தேகம். கல்லாக்காரர் பக்கம் திரும்பி, காலையில் தொண்டைவரை வந்து திரும்பிப்போன சொல்லை இழுத்துப்பிடித்து வெளியே கொண்டுவந்தார். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றார்.

கல்லாக்காரர் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"காலையில சத்தமா சொன்னீங்க" என்றார். கோபமே இல்லாத குரல். "தெருவுல போறவங்கல்லாம் நின்னு கேட்டாங்க. அதுல பாதிப் பேர் இப்ப இங்க இல்ல. என் பொண்டாட்டி வரைக்கும் சேதி போயிடுச்சு. இதையும் அதே சத்தத்துல சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அம்மாள் வாசலுக்குப் போனார். படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார். எதிர்ப்புறம் தையல்கடை, சைக்கிள் கடை, கடைமுன் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த கூட்டம். வேலை முடிந்து போகிற ஜனம். மூச்சை இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேரை 'இவர்தான்' என்று விரல்நீட்டி முழங்கியிருக்கிறார். அந்த விரலைத் திருப்பிக்கொண்டு முழங்குவது இதுதான் முதல்தடவை. குரல் முதலில் உடைந்தது, பிறகு ஏறியது. இந்தக் கடைக்காரரைத் திருடன் என்று சொன்னது பொய் என்றார். எடுத்தது என் புருஷன், கண்டுபிடிக்க வக்கில்லாமல் இவரைச் சொன்னது நான் என்றார். தையல் மெஷின் நின்றது. பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். அவர் வேண்டுமென்றுதான் கேட்டார். அம்மாள் இன்னொரு தடவை சொன்னார்.

திரும்பிப் பார்க்கிற தைரியம் வருவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. பார்த்தபோது கடையின் ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தது. மச்சான் ஷட்டருக்கு வெளியே வந்து, தனியாக, தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் கையில் சாவி இல்லை. உள்ளே கல்லாக்காரரின் கால்கள் கல்லாவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலேயே இன்னொரு ஜோடிக் கால்கள், தேய்ந்த செருப்போடு, எங்கே நிற்பதென்று தெரியாமல் தவித்தன. அது யாருடைய செருப்பு என்று அவருக்குத் தெரிந்தது. அந்தமட்டும் தெரிந்ததே என்று இருந்தது.

உள்ளே ஊசி இறங்கியது. நாலு குரல்கள் ஓடத்தில் ஏறின. கடையிலிருந்தவர்கள் கூடவே முனக ஆரம்பிக்க, கல்லாக்காரர் எல்லாரையும் அதட்டி அடக்கினார். அது இவருடைய வரி, யாரும் அதன்மேல் விக்கக்கூடாது என்று சொல்வது கேட்டது.

அம்மாள் படியிலேயே நின்றார். உள்ளே போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போவதா, அதுவும் தெரியவில்லை. துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஷட்டருக்குக் கீழே கல்லாக்காரரின் தலை எட்டிப்பார்த்தது.

"அங்கயே நின்னா எப்படி கேக்கும்? அந்த வரி வரப்போகுது" என்றார். "குனிஞ்சு வாங்க."

பாம்புச்செவி அம்மாள் குனிந்தார். அந்த ஷட்டருக்கு அவ்வளவு குனியவேண்டியதே இல்லை.